வாசலை முதலில் நட்டவர்கள்

நான் ரம்பத்தை இழுத்துத்தான் அறுக்கிறேன். ஊரில் இருக்கும் நீங்கள், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் இருக்கிற மலாய் நாட்டில், பீடோங் கடைத்தெருவில் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே கடையில் கிடைக்கும் ரம்பமெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் ரம்பம். தள்ளும்போது அறுக்கும், இழுக்கும்போது சும்மா வரும். என் கையோ தள்ளும்போது சும்மா போய்விட்டு, இழுக்கும்போது பலம் போடுகிறது. போன வாரம் எதிர் வீட்டுக்காரருக்குக் கோழிக்கூடு அடித்துக் கொடுக்கப் போனேன். அவருடைய ரம்பத்தை வாங்கி அறுக்கத் தொடங்கியதும் பலகை பாதி தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. "என்னா அண்ணே, பலகைய அறுக்கிறீங்களா, அதுகூட சண்டை போடுறீங்களா லா?" என்று கேட்டார். இழுத்தால் அறுப்பது ஜப்பான் ரம்பம். அந்த ஜப்பான்காரன் இந்த நாட்டை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அவன் கொடியை இறக்கினார்கள், எழுத்தை அழித்தார்கள், நோட்டைக் கொளுத்தினார்கள். என் மணிக்கட்டுக்குள் அவன் வைத்துவிட்டுப் போன பழக்கத்தை மட்டும் எடுக்க ஆளில்லை.

கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அந்தக் காலத்தை எப்படித்தான் கழித்தாய்? காட்டில் ஒளிந்தேன், துப்பாக்கி தூக்கினேன் என்று ஏதாவது சொல்வேன் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் போனேன் என்கிறேன். நம்ப மறுக்கிறார்கள். உலகமே அடித்துக்கொண்டு செத்த காலத்தில், கல்யாணமான ஒரு ஆள் உளியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய், வீடு கட்டப் படித்தான் என்றால் யார்தான் நம்புவார்கள்? அதனால் எழுதியே காட்டிவிடுகிறேன்.

எனக்குத் துறையூர்ப் பக்கம். ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவர் பின்னால் கப்பலேறி வந்து, பீடோங்குக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். சண்டை வந்தது. துரைமார்கள் காரில் ஏறிப் போனார்கள். கணக்கு எழுதும் கிராணியார் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். வாங்க ஆளில்லாத பாலை யார் வெட்டுவது? மரங்கள் அது பாட்டுக்கு நின்றன. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி மரவள்ளி நட்டோம். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்கு அந்தக் கிழங்கு மாவிலேயே ரொட்டி. பசிகூடப் பழகிவிடுகிறது. பழகவே பழகாதது லாரிச் சத்தம்தான். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரனின் முதல் லாரி வந்தபோது அரிசி, துணி, சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். சிலர் தாங்களாகவே ஏறினார்கள். என் பக்கத்து வீட்டு வேலுவின் அண்ணன் அப்படித்தான் சிரித்துக்கொண்டே ஏறினான். வேலு என்னைவிட இளையவன், வாய்த்துடுக்கு அதிகம். அண்ணன் போன பிறகு அந்த வாயும் அடங்கிவிட்டது. போனவர்களிடமிருந்து ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை. அடுத்த லாரி வந்தபோது ஆசை எதுவும் காட்டவில்லை. லயத்தில் நின்ற ஆண்களைக் கையைப் பிடித்து ஏற்றினார்கள். நான் அன்று விறகுக்குப் போயிருந்தேன், தப்பினேன்.

என் மனைவி பொன்னம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். விறகுக் கட்டோடு நான் திரும்பி வந்தபோது அவள் அழவில்லை. "இன்னொரு லாரி வந்தா எந்தக் காட்டுக்குப் போவீங்க? தினமும் விறகா பொறுக்குவீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. சாவதற்குப் பயம் என்று சொல்ல மாட்டேன். முகம் தெரியாத ஒரு காட்டில் நான் கிடக்க, இங்கே என் பிள்ளை அப்பன் முகம் தெரியாமல் வளருமே, அதற்குத்தான் பயம்.

அந்தச் சமயத்தில்தான் பீடோங்கில் ஜப்பான்காரர்கள் கட்டட வேலை சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறார்கள் என்று சேதி வந்தது. அவர்களுக்குக் கொட்டகை வேண்டும், பாலம் வேண்டும், கிடங்கு வேண்டும். கட்டத் தெரிந்த ஆள் போதவில்லை. படித்து முடிப்பவர்கள் கடைசியில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக் காட்ட வேண்டும். அது தேறினால் ஜப்பான் எழுத்துப் போட்ட துணிப்பட்டை ஒன்றைக் கையில் கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டை கட்டிய கையை லாரிக்காரன் தொடமாட்டான். தேறாவிட்டால் தோட்டத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான், லாரி வருகிற தோட்டத்துக்கு. வேலுவும் நானும் மறுநாளே நடந்து போய்ச் சேர்ந்தோம். தச்சு வேலை தெரியுமா என்று கேட்டார்கள். ஒரு ஆணியை நேராக அடித்தறியாத நான், தெரியும் என்று கூசாமல் சொன்னேன். வேலு இன்னும் ஒரு படி மேலே போய், பரம்பரைத் தொழில் என்றான்.

பள்ளிக்கூடம் என்பது பழைய ரப்பர்ப் புகைக்கொட்டகை. எத்தனை கழுவினாலும் சுவரிலிருந்து அந்தப் புகை நாற்றம் போகாது. காலையில் வரிசையில் நிற்க வேண்டும். அவர்களுடைய ராஜா இருக்கும் திசை என்று சொல்லி, கிழக்கே பார்த்து இடுப்பு வரை குனிய வேண்டும். குனிவது குறைந்தால் முதுகில் கம்பு விழும். பிறகு கையைக் காலை ஆட்டித் தேகப்பயிற்சி. வெறும் வயிற்றில் துள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று துள்ளிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் ஓகாவா வருவார். எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அவர். சிப்பாய் உடுப்புப் போட்ட தச்சர். வயதில் என்னைவிடச் சிறியவர், உயரத்திலும் அப்படித்தான். சென்சே என்று கூப்பிட வேண்டும். அவர்கள் பாஷையில் வாத்தியார் என்று அர்த்தமாம். அவருக்குத் தெரிந்த மலாய் வார்த்தைகளை ஒரு கைப்பிடிக்குள் அடக்கிவிடலாம். பாகூஸ், நல்லது. போடோ, முட்டாள். லாகி, மறுபடியும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே அவர் தச்சுக்கலை முழுவதையும் நடத்திவிட்டார். உளி மழுங்கியிருந்தால் கன்னத்தில் ஒன்று விழும். அறைந்துவிட்டு, அந்த உளியை வாங்கி, தானே உட்கார்ந்து தீட்டி, கை முடியைச் சிரைத்துக் காட்டித் திருப்பித் தருவார். அறைக்குக் கோபப்படுவதா, தீட்டித் தந்ததற்குக் கும்பிடுவதா என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தபோது வேலுவுக்கும் எனக்கும் நடுவில் இஸ்மாயில் என்ற மலாய்க்காரர் வந்து சேர்ந்தார். கோத்தா கோலா மூடா பக்கத்து மீன்பிடிக் கிராமத்துக்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். அவர் என்னை "அனே" என்பார், நான் அவரைப் "பாங்" என்பேன். இருவருமே அண்ணன் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம், இருவரில் யார் மூத்தவர் என்பது முடிவாகவே இல்லை. கடைத்தெரு மலாயில் பேசிக்கொள்வோம். சாப்பாடு, வெயில், வயிற்றுவலி, சென்சேயின் அறை, இதற்கெல்லாம் அந்தப் பாஷை போதும். வீடு என்றால் என்ன என்று பேசுவதற்கு அது போதாது என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது.

இங்கே ஊர்ச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு விசித்திரம் என்று தெரிகிறது. நம் ஊரில் வீடு கட்டுகிறவன் அஸ்திவாரம் போட்ட கையோடு நிலை வைக்க நாள் பார்ப்பான். சுவர் பிறகுதான். வாசல் நிலையை நிறுத்தி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, சூடம் காட்டின பிறகு அதை ஒட்டித்தான் செங்கல் ஏறும். என் பெரியப்பா அப்படி நிலை வைத்த வருஷம் மழை வந்து செங்கல் சூளை முழுக்கக் கரைந்து போயிற்று. அடுத்த சூளை போட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை வெறும் நிலை மட்டும் மனையில் நின்றது. ஆனாலும் அதைச் சுற்றிக்கொண்டு யாரும் போகமாட்டார்கள். பெரியம்மா தண்ணீர்க் குடத்தோடு அந்த நிலை வழியாகத்தான் போவாள், படியை மிதிக்காமல் தாண்டித்தான் போவாள். சுவரில்லாவிட்டால் என்ன, வாசல் வைத்தாகிவிட்டது, அது வீடுதான். எங்களுக்கு இதில் அதிசயமே இல்லை.

பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனைக்கு எல்லாக் கூட்டத்துக்கும் திடலில் இடம் அளந்து விட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மரம் ஒருமுறைதான், மறுபடி கேட்டால் கிடையாது. எங்கள் பங்குக்குச் சில்லறைக் கட்டைகளும் பலகைகளும் போக, வைரம் பாய்ந்த நீளக்கட்டை இரண்டு வந்தது. பார்த்ததுமே வேலு அதைத் தடவித் தடவிப் பார்த்தான். சென்சே வேறு வேலையாகச் சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டார். அன்று வெள்ளிக்கிழமை. இஸ்மாயில் பள்ளிவாசலுக்குத் தொழுகைக்குக் கிளம்பினார். போகும்போது, "அனே, முலா டுலு," என்றார். நீங்கள் ஆரம்பித்து வையுங்கள் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை, நல்ல நாள், ஆரம்பிக்கவும் சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்? வேலுவும் நானும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. இரண்டு நீளக்கட்டைகளையும் ஆள் உயரத்துக்கு அறுத்தோம், இழுத்து இழுத்துத்தான். மிச்சத் துண்டில் கீழ்ப்படியும் மேல்சட்டமும். சென்சே சொல்லிக்கொடுத்தபடி ஆணியே இல்லாமல் துளையும் நாக்குமாகக் கோத்தோம். தரையில் குழி வெட்டி நிலையை நிறுத்தி, மண்ணைக் கெட்டித்தோம். மஞ்சள் எங்கள் கொல்லையிலேயே விளைந்தது. மாமரம் திடலோரத்தில் நின்றது. சூடம் மட்டும் கிடைக்கவில்லை, கொட்டாங்கச்சியில் கரி நெருப்பு வைத்துக் காட்டினோம். வேலு தன் அண்ணன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டான். நான் பொன்னம்மாவையும் வயிற்றுப் பிள்ளையையும் நினைத்துக் கும்பிட்டேன். வேலை அழகாக அமைந்துவிட்ட திருப்தியில் மாமர நிழலில் உட்கார்ந்தோம்.

தொழுகை முடிந்து இஸ்மாயில் வந்தார். வெட்டவெளியில், மாவிலை கட்டிக்கொண்டு, தனியாக ஒரு வாசல் நிற்பதைப் பார்த்தார். தலைக்குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "பிந்து சாஜா?" என்றார். கதவு வாசல் மட்டுமா? பிறகு அதைச் சுற்றி வந்து, "ரூமா மானா?" என்றார். வீடு எங்கே?

"ரூமா நந்தி," என்றேன். வீடு பிறகு வரும் என்றேன், பெருமையாக.

அவர் கீழே கிடந்த மரத்தூளைப் பார்த்தார். நீளக்கட்டைகளைத் தேடினார். அவை எங்கே போயின என்று புரிந்ததும் அந்தப் பெரிய உடம்பு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. "தியாங், அனே! இத்து தியாங்!" என்றார். தியாங் என்றால் தூண். அது தூணுக்கான மரம். அவர்கள் வீட்டில் முதலில் நிற்பது நடுத்தூண். அதற்குத் துணி சுற்றி, துஆ ஓதிப் பிரார்த்தித்து, நிறுத்திய பிறகுதான் மற்றதெல்லாம். தூண்கள், அதன் மேல் உத்தரம், அதன் மேல் கூரை. தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் பலகைத் தளம். கதவு என்பது எல்லாம் முடிந்த பிறகு, ஏணிப்படிக்கு மேலே வைக்கிற சமாசாரம். ஜப்பான்காரன் வீடும் அதே வழிதான் என்று சென்சே வரைந்து வரைந்து காட்டியிருந்தார். நாங்களும் ஹாய் ஹாய், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருந்தோம். தலை ஆடியதே ஒழிய உள்ளே ஒன்றும் ஏறவில்லை. செங்கல் வீட்டுப் புத்தி, மரவீட்டுக்கு மரத்தை அறுத்துவிட்டது. இனி அந்தக் கட்டைகள் வளரவா போகின்றன?

வேலு வெடித்தான். "இவர்தானே அண்ணே ஆரம்பிக்கச் சொன்னாரு! ஆரம்பம்னா வாசல்தானே? உலகத்துல எவனாவது தூணையா கும்பிடுவான்?" இஸ்மாயில் மலாயில் ஏதோ படபடவென்று பொரிந்தார். அவருக்கும் லாரி இருந்தது, அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். நான் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. மஞ்சள் மணம் மூக்கில் ஏற ஏற, நானே நட்ட அந்த வாசலைக் காலால் எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது. உதைக்கவில்லை. மாவிலை கட்டின நிலையை எப்படி உதைப்பது?

எங்கள் நேரம், சென்சே அன்றைக்கே திரும்பி வந்துவிட்டார். சைக்கிளை நிறுத்தி இறங்கினார். மற்றக் கூட்டங்கள் தூணுக்குக் குழி வெட்டிக்கொண்டிருக்க, நடுவில் எங்கள் வாசல் நின்றது. நாங்கள் மூவரும் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். அவர் வாசலுக்கு நேரே வந்து நின்றார். மாவிலையை விரலால் தொட்டார். "நிப்போன் அடா," என்றார். ஜப்பானிலும் இது உண்டு என்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜப்பானிலும் இப்படித் தூணை அறுத்துவிட்டு முழிக்கிறவர்கள் இருக்கிறார்களா? பல நாள் கழித்து அவர் அறையில் தொங்கிய படத்தில்தான் பார்த்தேன். அவர்கள் கோயிலுக்கு முன்னால் சுவரும் கதவும் இல்லாமல் மரத்தில் ஒரு வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. அன்று அது தெரியாது. அவர் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

"இனி அப்பா?" என்று கேட்டார். இது என்ன என்று அர்த்தம். நான் வாயைத் திறக்கும் முன் இஸ்மாயில் ஒரு அடி முன்னால் வந்தார். சற்று முன்வரை எங்களோடு சண்டை போட்டவர். "தியாங் செரி, சென்சே," என்றார். "தியாங் செரி ஓராங் தமிழ்." வீட்டின் உயிர்த்தூண் என்று அவர்கள் சொல்வது அதைத்தான். இது தமிழர்களுடைய உயிர்த்தூண். அவர் சொன்னது பொய் என்றும் சொல்ல முடியாது. இதைவிடச் சரியாக நானும் விளக்கியிருக்க முடியாது.

சென்சே மேல்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கித் தொங்கினார். நிலை அசையவில்லை. இறங்கினார். பொருத்து வாயில் நகத்தை வைத்துப் பார்த்தார், நகம் போகவில்லை. "பாகூஸ்," என்றார். பிறகு கையை அகல விரித்து வெறும் திடலைக் காட்டி, "ரூமா?" என்றார். அறையும் விழவில்லை, மரமும் கிடைக்கவில்லை. வாசல் நன்றாக இருக்கிறது, வீட்டைக் கொண்டு வா என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டைக் கொண்டு வந்தவர் இஸ்மாயில். கூரைக்கு வேண்டிய அத்தாப்பு ஓலையை மாட்டுவண்டியில் ஏற்றிவரக் கோலா மூடாவுக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் தானே போகிறேன் என்று போனார். வண்டி திரும்பி வந்தபோது ஓலைக்கு அடியில் சதுப்புக்காட்டுக் கம்பங்கள் கிடந்தன. மீன்காரர்கள் கடலுக்குள் நடுகிற கம்பம், உப்புத் தண்ணீரிலேயே நிற்கிற சாதி. அவர் மாமன் மச்சான்கள் வெட்டிக் கொடுத்தார்களாம். வேலு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க பாங்," என்று தமிழிலேயே சொன்னான். இஸ்மாயிலுக்குப் புரிந்ததா தெரியாது. "சுடா லா, சுடா லா," என்றார், போதும் விடு என்பது போல.

கம்பங்கள் வளைந்திருந்தன, ஒன்றுபோல் ஒன்று இல்லை. வாசலைப் பிடுங்கி உயரத்தில் வைக்கலாம் என்றார் இஸ்மாயில். ஒருமுறை வைத்த நிலையை அசைக்கக் கூடாது என்றோம் நாங்கள். அவர் பெருமூச்சு விட்டார். கடைசியில் அந்த நிலையையே இரண்டு தூணாக வைத்து, மற்றக் கம்பங்களை அதோடு சேர்த்துக் கோத்தோம். தளம் மலாய் வீடு போல உயரத்தில், வாசல் தமிழ் வீடு போலத் தரையில். அதனால் வாசலுக்குள் குனிந்து நுழைந்த பிறகு, உள்ளே நாலு படி ஏற வேண்டும். அப்படியொரு வீட்டை இந்த உலகத்தில் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

சோதனைக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். இடுப்பில் நீண்ட வாள், முழங்கால் வரை பூட்ஸ். ஒவ்வொரு வீடாக உதைத்துப் பார்த்தார். ஒரு கூட்டத்தின் வீடு கூரை சாய்ந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவன் அங்கேயே அழுதான். எங்கள் முறை வந்தது. எங்கள் நிலை, நம் ஊர் வழக்கப்படி, ஒரு சாண் தாழ்வு. நுழைகிறவன் தலை தாழ்த்தித்தான் நுழைய வேண்டும் என்று நம்மவர்கள் வைப்பது. அதிகாரி நேரே வந்தார், தொப்பி இடித்தது. ஒரு நொடி நின்றார். வேலு என் கையை இறுக்கிப் பிடித்தான். அதிகாரி தொப்பியைக் கழற்றி, வாளைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, இடுப்பு வரை குனிந்து உள்ளே போனார். காலை தவறாமல் எங்களைக் குனிய வைத்தவர்களில் ஒருவர், மஞ்சள் பூசிய எங்கள் நிலைக்குக் குனிந்தார். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். உள்ளே படி ஏறுகிற சத்தம் கேட்டது. தளத்தில் தம் தம் என்று மிதிக்கிற சத்தம் கேட்டது. வீடு அசையவில்லை. வெளியே வரும்போது, படி ஏன் உள்ளே என்று கேட்டார் போலிருக்கிறது. சென்சே பின்னந்தலையைச் சொறிந்துகொண்டு நீளமாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அதிகாரி தலையை ஆட்டினார். சாயங்காலம் எங்கள் மூவர் கையிலும் துணிப்பட்டை ஏறியது.

அந்த மாதமே எனக்குப் பெண் பிறந்தாள். வள்ளி என்று பெயர் வைத்தோம். மரவள்ளி தின்று பிறந்தவளுக்குப் பொருத்தம்தான் என்றான் வேலு. அவன் வாய் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அடுத்த லாரி தோட்டத்துக்கு வந்தபோது நான் லயத்து வாசலில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். சிப்பாய் என் கையைப் பார்த்தான், பட்டையைப் பார்த்தான், தாண்டிப் போனான். பக்கத்து வீடுகளில் தாண்டவில்லை. அதை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது. ஆனாலும் என் பிள்ளைக்கு என் முகம் தெரிகிறது. அதற்காக நான் வெட்கப்பட மாட்டேன்.

இடையில் எங்கள் கெடா மாநிலத்தை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுக்க, சயாம் கொடி ஏறியது, பிறகு எல்லாக் கொடியும் இறங்கி வெள்ளைக்காரன் கொடி மறுபடி ஏறியது. சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். வேலுவின் அண்ணனும் வந்தான். ஆளே மாறியிருந்தான், ஆனால் வந்துவிட்டான். சென்சே எங்கே போனார் என்று தெரியவில்லை. போகும் முன் அவருடைய ரம்பத்தை எங்கள் கருவிப்பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்கா, இஸ்மாயிலுக்கா என்று சொல்லவில்லை. ஒரு மாதம் அவரிடம், ஒரு மாதம் என்னிடம் என்று அது பீடோங்குக்கும் கோலா மூடாவுக்கும் போய் வந்துகொண்டிருக்கிறது.

இந்த வருஷம் திடலைச் சுத்தம் செய்தார்கள். எங்கள் வீட்டின் ஓலை மக்கிப்போய், பலகையும் கம்பமும் அடுப்புக்குப் போயிருந்தன. நிலை மட்டும் நின்றது. இஸ்மாயில் வண்டியோடு வந்து நின்றார். "அனே, பிந்து சுடா அடா," என்றார். வாசல்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்கிறார். வீட்டை எப்போது கட்டப் போகிறாய் என்று அதற்கு அர்த்தம். வைத்த நிலையை அசைக்கக் கூடாதுதான், விட்டால் அதுவும் அடுப்புக்குப் போய்விடும் என்று, லயத்துக்குப் பின்னால் தோட்டத்து எல்லையில் நாங்கள் மரவள்ளி நட்ட துண்டு நிலத்துக்கு அதை ஏற்றி வந்து இறக்கினோம். அதே சமயத்தில் ஊரிலிருந்து பொன்னம்மாவின் அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார்: கப்பல் ஓடுகிறது, இங்கே உங்களுக்கென்று மனை கிடக்கிறது, வந்து நிலை வையுங்கள். எங்கள் இருவருக்கும் தூக்கம் கெட்டது. அங்கே மனை இருக்கிறது, வாசல் இல்லை. இங்கே வாசல் இருக்கிறது, வீடு இல்லை.

போவதா இருப்பதா என்பது முடிவாகாமலே, வாசலை முதலில் நடுவோம் என்று நேற்று நிலையை நிறுத்தப் போனோம். எந்தத் திசை பார்த்து வைப்பது என்று சண்டை. "கெழக்குப் பார்த்துத்தான் வைக்கணும், அதான் முறை," என்றாள் பொன்னம்மா. கிழக்கே பார்த்து நான் குனிந்தது போதும், என் வீட்டு வாசலும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம் என்றேன். மேற்கே வைத்தால் கோலா மூடா, அதற்கப்பால் கடல், அதற்கப்பால் நம் ஊர். இஸ்மாயிலைக் கேட்டோம். அவர் தொழுகிற திசையும் மேற்குதானாம், அவருக்குச் சம்மதம். வேலு குழியில் மண்ணைத் தள்ளிக்கொண்டே, "செவரு வச்சாத்தானே அண்ணே முன்னு பின்னு? இப்ப ரெண்டு பக்கமும் வாசல்தான். நட்டுட்டு அப்புறம் சண்டை போடுங்க லா," என்றான். நட்டோம். மஞ்சள் பூசினோம். இந்த முறை சூடம் கிடைத்தது.

மத்தியானம் வேலை முடிந்து மூவரும் நிழலில் உட்கார்ந்திருந்தோம். கூரையில்லாத, சுவரில்லாத மனையில், சுள்ளென்ற வெயிலில் வள்ளி மட்டும் விளையாடிக்கொண்டிருந்தாள். "வெயில்ல நிக்காதடி, உள்ள வா," என்று பொன்னம்மா பழக்கதோஷத்தில் கத்தினாள். பிள்ளை நிலைக்கு நேரே ஓடினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கீழ்ப்படியை மிதிக்காமல் காலைத் தூக்கித் தாண்டினாள். அந்தப் பக்கம் போய், அதே வெயிலில் நின்றுகொண்டு, "வந்துட்டேம்மா," என்றாள்.

"அது வெளிய இல்லையாடி? இந்தப் பக்கம் வா," என்றாள் பொன்னம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வள்ளி மறுபடி படியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். அந்தப் பக்கத்தையும் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள். "இப்பவும் உள்ளேதாம்மா இருக்கேன்," என்றாள்.